காப்பாற்ற வந்த குருதி தாக்கும்போது

எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் காலையில் பார்வையிட வரும் வைத்தியர் நோயாளியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு பாதம், காதுமடல், பிடரி. அந்த இடங்களில் சின்னதாக ஒரு சிவப்புத் தடிப்புக் கண்டால் போதும், அன்றைய திட்டம் முழுவதும் மாறிவிடும். முந்திய நாள் போன வயிற்றுப்போக்கைத் தாதி மில்லிலீற்றர் கணக்கில் அளந்து எழுதி வைத்திருப்பார். வளர்ந்தவருக்கு 500ஐத் தாண்டினால் முதற்படி, 1000ஐத் தாண்டினால் இரண்டாம் படி, 1500 என்றால் மூன்றாம் படி. பிலிருபின் ஏறியிருக்கிறதா என்பதை ஆய்வுகூட அறிக்கை சொல்லும். தோல், குடல், ஈரல் என்ற இந்த மூன்று இடங்களையும் தேடிப்பிடித்துத் தாக்குகிற ஒரு நோய்க்காகத்தான் இத்தனை காவலும்.

வார்ட்டில் அதற்குப் பெயர் ஜி.வி.எச்.டி. ('கிராப்ற் வேர்சஸ் ஹோஸ்ற் டிசீஸ்', அதாவது ஏற்றியது பெற்றவரைத் தாக்கும் நோய்). சிறுநீரகமோ ஈரலோ மாற்றிப் பொருத்தினால், நோயாளியின் உடல் வந்த உறுப்பை நிராகரிக்கப் பார்க்கும். எலும்பு மச்சை மாற்றத்தில் நடப்பது தலைகீழ். நோயாளியின் சொந்த மச்சையை மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிட்டு, இன்னொருவரின் மச்சையை ஏற்றுகிறார்கள். மச்சைதான் நிர்ப்பீடனத் தொகுதியின் பிறப்பிடம். ஆகவே வந்த மச்சையோடு கொடுத்தவரின் காவற்கலங்களும் குடியேறுகின்றன. அவற்றின் கண்ணுக்கு இப்போது அந்நியம் எது? நோயாளியின் முழு உடலும்தான்.

இது கொழும்பு, சென்னை, வேலூர் என்று பெருநகர ஆஸ்பத்திரிகளின் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் குருதிப் புற்றுநோய் வருகிறது. மச்சை வற்றிப்போகும் அப்லாஸ்டிக் அனீமியா வருகிறது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்த 'ட்ரெயில்' நடைபயணத்தில் சேர்ந்த பணம் அதைக் கட்ட உதவியது. மச்சை மாற்றம் வேண்டுமென்றால் அங்கிருந்தும் மேலே போகவேண்டும். கொழும்பிலும் மஹரகமவிலும் அதற்கான பிரிவுகள் இயங்குகின்றன. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு, வசதியுள்ள குடும்பங்களுக்கு வேலூர் கிட்டத்தில் வந்துவிட்டது.

சிகிச்சைக்குப் பிந்திய முதல் 100 நாட்களும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வீடு. நோயும் கூடவே வீட்டுக்கு வரலாம் என்பதுதான் தீவகத்துக்கு முக்கியமான செய்தி. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் சேர இன்னொரு மணி நேரம். சோளகக் காற்று எழும்பினால் இந்தக் கணக்கும் நிற்காது. அவசர நோயாளிகளைக் கடற்படைப் படகில் ஏற்றி அனுப்புவது நெடுந்தீவுக்குப் பழகிப்போன காட்சி. உள்ளங்கைச் சிவப்பை முதல் நாளிலேயே அடையாளம் காணவேண்டிய நோய்க்கு இந்தத் தூரம் பெரிய தூரம்.

ஓர் அணு உலையும் ஆறு பேரும்

1956இல் இங்கிலாந்தில் பார்ன்ஸ், லூட்டிட் என்ற இரு ஆய்வாளர்கள் குருதிப் புற்றுநோய் உள்ள எலிகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து, வேறு இன எலிகளின் மச்சையை ஏற்றினார்கள். புற்றுநோய் அடங்கியது. ஆனால் எலிகள் மெலிந்தன, கழிந்தன, தோல் உரிந்து செத்தன. முதல் நோய் கதிர்வீச்சினால் வந்தது என்றால் இது அடுத்து வந்தது. 'இரண்டாம் நோய்' என்றே பெயர் வைத்தார்கள்.

இரண்டு வருடங்கள் கழித்து, 1958 ஒக்டோபரில் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் விபத்து நடந்தது. கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளான ஆறு பேரைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஜோர்ஜ் மதே என்ற வைத்தியர் அவர்களில் ஐந்து பேருக்கு, முன்பின் அறியாத பிரெஞ்சுக் கொடையாளரின் மச்சையை ஏற்றினார். ஒருவர் இறந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். மனிதரில் உறவில்லாதவரின் மச்சையை ஏற்றிப் பார்த்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. எலியில் கண்ட 'இரண்டாம் நோய்' மனிதருக்கும் வரும் என்பதைப் பின்னர் தெளிவாக எழுதியவரும் அதே மதேதான்.

இந்நோய் வருவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று 1966இல் ரூபர்ட் பில்லிங்ஹாம் வகுத்தார். வரும் குருதியில் தாக்கும் திறனுள்ள கலங்கள் இருக்கவேண்டும். பெறுபவரின் உடலில், கொடுத்தவரிடம் இல்லாத ஏதோ ஓர் அடையாளம் இருக்கவேண்டும். வந்த கலங்களை எதிர்த்து அழிக்கும் நிலையில் பெறுபவரின் உடல் இருக்கக்கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அதில் ஒரு தனிப்பட்ட எச்சரிக்கை இருக்கிறது.

இந்தியாவில் முதல் வெற்றிகரமான மச்சை மாற்றம் 1983இல் மும்பை டாடா நினைவு வைத்தியசாலையில், சுரேஷ் அத்வானி தலைமையில் நடந்தது. 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாமன் சாண்டி தொடங்கிய பிரிவு, தலசீமியா பிள்ளைகளுக்கான சிகிச்சையில் ஆசியாவிலேயே பெயர் பெற்றது. மச்சை மாற்றத்தைச் சாத்தியமாக்கிய சியாற்றில் வைத்தியர் டோனல் தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்த அந்த ஆண்டிலும் நோயாளிகளை அதிகம் கொன்ற சிக்கல்களில் ஒன்றாக ஜி.வி.எச்.டி.யே இருந்தது.

தகவல் எப்படிப் போகிறது?

தாக்குதலைத் தொடக்கி வைப்பது, பலரும் நினைப்பதுபோல, வந்த கலங்கள் அல்ல. நோயாளிக்குக் கொடுக்கும் ஆயத்த மருந்தே அதைத் தொடக்குகிறது. மச்சையை அழிப்பதற்காகக் கொடுக்கும் மருந்து, வேகமாகப் பிரியும் எந்தக் கலத்தையும் விடாது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம். எனவே முதலில் அடிவாங்குவது அதுதான். உடைந்த கலங்களுக்குள்ளிருந்து ஏ.டி.பி.யும் யூரிக் அமிலமும் வெளியே கசிகின்றன. கலத்துக்குள் இருக்கும்வரை ஏ.டி.பி. சக்தி தரும் பொருள். வெளியே வந்துவிட்டால் அதுவே ஆபத்து அறிவிப்பு. ஓட்டை விழுந்த குடற்சுவர் வழியாகக் குடற்பற்றீரியாக்களின் மேலோட்டுப் பொருட்கள் குருதிக்குள் நுழைகின்றன. காவற்கலங்களின் மேற்பரப்பிலுள்ள டி.எல்.ஆர்.-4 என்ற வாங்கி அவற்றைப் பிடித்து உள்ளே சேதி அனுப்புகிறது. டி.என்.எப்., இன்ரலூக்கின்-1, இன்ரலூக்கின்-6 ஆகிய தூதுப் புரதங்கள் குருதியில் பெருகுகின்றன.

இதில் குடற்பற்றீரியாக்களுக்குப் பங்கு இருப்பது வெகுநாளாகத் தெரியும். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இந்நோய் குறைவாக வருவதை வான் பெக்கும் என்ற ஒல்லாந்து ஆய்வாளர் 1974இலேயே காட்டினார். 2020இல் நியூயோர்க், டேர்ஹம், ரேகன்ஸ்பேர்க், சப்போரோ ஆகிய நான்கு நகரங்களின் 1,362 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. குடலில் பற்றீரியா வகைகள் குறையக் குறைய இறப்பு கூடுகிறது. இந்த வகைகளைக் குறைத்துவிடும் அன்ரிபயற்றிக்கைக் கண்டபடி விழுங்கும் பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை தேவையில்லை.

இப்படி எச்சரிக்கை பரவியிருக்கும் உடலுக்குள்தான் கொடையாளரின் டி-கலங்கள் என்ற காவற்கலங்கள் வந்து இறங்குகின்றன. டி-கலம் கண்டதையெல்லாம் தாக்குவதில்லை. ஒவ்வொரு கலமும் தன் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதத்தில் தன் உள்ளடக்கத்தின் துண்டுகளை ஏந்தி நிற்கும். அந்தப் புரதம் ஆளுக்கு ஆள் வேறு. டி-கலத்தின் வாங்கி அதை உரசிப் பார்க்கும். அந்நியம் என்று பட்டாலும் உடனே தாக்காது, சி.டி.-28 என்ற இன்னொரு வாங்கி வழியாக இரண்டாவது சம்மதமும் வரவேண்டும். அடையாள அட்டை மட்டும் இருந்தால் காவலரண் தாண்ட முடியாது, பாஸும் வேண்டும் என்றிருந்த போர் நாட்களைத் தீவகத்தார் மறந்திருக்க மாட்டார்கள். டி-கலத்தின் விதியும் அதுவே. முதற் சைகை மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால் டி-கலம் செயலிழந்து ஒதுங்கிவிடும். சேதமடைந்த குடலும் பெருகிய தூதுப் புரதங்களும் அந்த இரண்டாவது சைகையைத் தாராளமாக வழங்கிவிடுகின்றன. ஆயத்த மருந்தின் கடுமையைக் குறைத்தால் இந்நோயின் கடுமையும் குறைவது இதனால்தான்.

இரண்டு சைகையும் கிடைத்த டி-கலத்துக்குள் கல்சியம் ஏறுகிறது. கல்சினியூரின் என்ற நொதியம் விழிக்கிறது. அது என்.எப்.ஏ.டி. என்ற புரதத்தைக் கருவுக்குள் அனுப்ப, அங்கே இன்ரலூக்கின்-2 எழுதப்படுகிறது. அதுதான் டி-கலத்துக்குப் 'பெருகு' என்ற கட்டளை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சில நாட்களில் பெரும் கூட்டம். இன்ரபெரோன்-காமாவை வெளியிட்டு மற்றக் காவற்கலங்களையும் அவை கிளப்பிவிடுகின்றன. அந்தச் சேதியை வாங்கும் கலங்களுக்குள் அதைக் கொண்டுபோவது ஜாக்-1, ஜாக்-2 என்ற நொதியங்கள். கடைசியில் தோலையும் குடலையும் ஈரலின் பித்தக் குழாய்களையும் சென்றடைந்த டி-கலங்கள் பெர்போரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியத்தைச் செலுத்திக் கலங்களைக் கொல்கின்றன. கொலையுண்ட குடற்கலங்கள் மேலும் ஏ.டி.பி.யைக் கசியவிடுகின்றன. வட்டம் தொடங்கிய இடத்துக்கே வருகிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இன்று ஒரு மருந்தின் இலக்கு. கல்சினியூரினை மடக்குவது சைக்ளோஸ்போரின். நோர்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து சுவிஸ் நிறுவனமான சான்டோஸ் எடுத்தது. அதையும் மெதோட்ரெக்சேற் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் குறைகிறது என்று சியாற்றில் குழு 1986இல் காட்டியது. இன்ரலூக்கின்-2 சொல்லும் 'பெருகு' கட்டளையை இடைமறிப்பது சிரோலிமஸ். பசிபிக்கின் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் ஈஸ்ரர் தீவுக்கு 1964இல் போன கனேடிய ஆய்வுக்குழு அள்ளிவந்த மண்ணிலிருந்து அது கிடைத்தது. மொன்றியலில் தொடங்கி அந்த மருந்தை விடாப்பிடியாகக் காப்பாற்றி வளர்த்தவர் இந்தியாவிலிருந்து போன சுரேன் சேகல். இரண்டாவது சைகையை மறிக்கும் அபாற்றசெப்ற், மூட்டு வாதத்துக்கென்று வந்த மருந்து. 2021 டிசம்பரில் ஜி.வி.எச்.டி.யைத் தடுப்பதற்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நோய் வந்தபின் முதலில் கொடுப்பது இன்றைக்கும் ஸ்டெரொயிட்தான். அதற்குக் கட்டுப்படாதவர்கள் அரைவாசிப் பேர் வரை இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்களுக்கு நம்பிக்கை மிகக் குறைவு. 2020இல் வெளிவந்த 309 நோயாளிகளின் ஆய்வில், ஜாக் நொதியங்களை மறிக்கும் ருக்சோலிற்றினிப் 28ஆம் நாளில் 62 சதவீதத்தினருக்குப் பலனளித்தது. வழமையான மருந்துகளில் அது 39 சதவீதம். பெரிய முன்னேற்றம், விலையும் பெரியது.

எங்கள் நாடுகளுக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறொன்று. சைக்ளோபொஸ்பமைட் என்ற பழைய, மலிவான புற்றுநோய் மருந்தை மச்சை ஏற்றியபின் மூன்றாம், நான்காம் நாட்களில் கொடுக்கும் முறையை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வளர்த்தெடுத்தார்கள். கேட்பதற்கு விபரீதம். புதிதாக ஏற்றிய கலங்களுக்கே விஷமா? ஆனால் அந்த இரண்டு நாட்களில் வேகமாகப் பெருகிக்கொண்டிருப்பவை நோயாளியின் உடலை அந்நியமாகக் கண்ட டி-கலங்கள்தான். மருந்து அவற்றில் விழுகிறது. குருதியை உண்டாக்கும் மூலக்கலங்களிடமும், அமைதிகாக்கும் ஒழுங்காக்கி டி-கலங்களிடமும் இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதியம் போதிய அளவு இருப்பதால் அவை தப்புகின்றன. 431 நோயாளிகளோடு 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு வருட முடிவில் கடும் ஜி.வி.எச்.டி.யோ புற்றுநோய் மீளலோ இல்லாமல் உயிரோடிருந்தவர்கள் இம்முறையில் 52.7 சதவீதம், பழைய முறையில் 34.9 சதவீதம். பாதிப் பொருத்தமே உள்ள தாயோ தகப்பனோ கூட மச்சை கொடுக்கலாம் என்ற கதவைத் திறந்ததும் இந்த முறைதான். சென்னையிலும் வேலூரிலும் இது இன்று நடைமுறையில் இருக்கிறது.

டி-கலங்களை முழுவதுமாக வடிகட்டி எறிந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். எறிந்து பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. குறைந்தது, குருதிப் புற்றுநோய் திரும்பி வந்தது. நோயாளியின் தோலைத் தாக்கும் அதே கலங்கள்தான் எஞ்சிய புற்றுக்கலங்களையும் வேட்டையாடுகின்றன. ஜி.வி.எச்.டி. வந்து பிழைத்தவர்களில் புற்றுநோய் மீள்வது குறைவு என்று 1979இலேயே சியாற்றில் குழு கண்டிருந்தது. எவ்வளவு அடக்குவது, எவ்வளவு விட்டுவைப்பது என்பதே இந்தச் சிகிச்சையின் மிகக் கடினமான தீர்மானம். இலேசான தடிப்பைக் கண்ட வைத்தியர் சில வேளை மருந்தைக் கூட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது அலட்சியமல்ல.

"அண்ணாட இரத்தம் இருக்கேக்க வெளியாள் இரத்தம் ஏன்?"

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி விறாந்தைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. சொந்தக்காரரின் குருதிதான் சுத்தம், பாதுகாப்பு என்ற நம்பிக்கை ஊறிப்போனது. அது அன்பில் பிறந்த நம்பிக்கை. ஆனால் ஆபத்தானது. பில்லிங்ஹாமின் மூன்றாவது நிபந்தனை இங்கேதான் வருகிறது.

எச்.எல்.ஏ. பரம்பரையலகுகள் ஆறாம் நிறமூர்த்தத்தில் ஒரே தொகுப்பாக அமைந்திருக்கின்றன. ஒரு தொகுப்பு தகப்பனிடமிருந்து, ஒன்று தாயிடமிருந்து. மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்வது எங்கள் முறை. ஒரே பாட்டன் பாட்டியின் வழி வந்தவர்கள் என்பதால் இருவரிடமும் ஒரே தொகுப்பு இருக்க வாய்ப்பு உண்டு. தகப்பனிடம் க, ங. தாயிடம் க, ச என்று வையுங்கள். இவர்களின் ஒரு மகனுக்கு இரு பக்கத்திலிருந்தும் 'க'வே வந்துவிடலாம். அவன் ஒரு நாள் தகப்பனுக்குப் புதுக்குருதி கொடுக்கிறான். தகப்பனின் உடல் மகனின் கலங்களைப் பார்க்கிறது: எல்லாம் 'க', தன்னுடையதுதான். எதிர்க்கவில்லை. மகனின் டி-கலங்கள் தகப்பனின் உடலைப் பார்க்கின்றன: 'ங' அந்நியம். தாக்குகின்றன. தகப்பனுக்கு நிர்ப்பீடனக் குறைபாடு எதுவும் இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

குருதி ஏற்றியதால் வரும் இந்த ஜி.வி.எச்.டி. மிக அரிது. வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இறக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு கிழமை, இரண்டு கிழமையில் காய்ச்சல், தடிப்பு, வயிற்றுப்போக்கு. மச்சை மாற்றியவரின் மச்சை கொடையாளருடையது என்பதால் அது தப்பும். இங்கே மச்சையும் நோயாளியுடையது, அதுவும் தாக்கப்பட்டு வற்றிப்போகும். ஜப்பானில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உடம்பெல்லாம் சிவந்து இறந்துபோன நோயாளிகளைப் பற்றி 1955இலேயே எழுதினார்கள். காரணம் இதுதான் என்று உறுதியாக 1980கள் ஆகின. அங்கே புதுக்குருதியை, பெரும்பாலும் உறவினரிடமிருந்து, ஏற்றும் வழக்கம் இருந்தது. குருதிக்குக் கதிரூட்டி டி-கலங்களைப் பெருக முடியாமல் செய்வதை ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கம் பரவலாக்கிய பிறகு அந்த இறப்புகள் நின்றன. 25 கிரே அளவு கதிர் போதும்.

ஆகவே உறவினரின் குருதி தவிர்க்க முடியாமல் ஏற்றப்பட்டால் அது கதிரூட்டியதா என்று கேட்பது நோயாளியின் உரிமை. மச்சை மாற்றம் செய்தவர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையானாலும் நெடுந்தீவுப் பிரதேச வைத்தியசாலையானாலும், தனக்குக் கதிரூட்டிய குருதிதான் ஏற்றவேண்டும் என்ற விபரத்தை எழுத்தில் கையோடு வைத்திருக்கவேண்டும். மயங்கிய நிலையில் படகிறங்குபவரால் அதைச் சொல்ல முடியாது.

அதே மச்சான் மச்சாள் முறை மச்சை மாற்றத்தில் சில வேளை கைகொடுக்கும். உடன்பிறந்த ஒருவர் முழுப் பொருத்தமாக அமையும் வாய்ப்பு நாலில் ஒன்று. வழமையாகப் பெற்றோர் பாதிப் பொருத்தம்தான். சொந்தத்தில் கட்டிய குடும்பத்தில், மேலே சொன்ன கணக்கின்படி, தாயோ தகப்பனோ முழுப் பொருத்தமாக வந்துவிட முடியும். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளையும் சோதித்துப் பார்ப்பது வீண்வேலையல்ல. எச்.எல்.ஏ. முழுக்கப் பொருந்தினாலும் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். அக்காவின் மச்சையைத் தம்பிக்கு ஏற்றினால், ஆணுக்கு மட்டும் உரிய வை நிறமூர்த்தத்தின் புரதங்கள் அக்காவின் கலங்களுக்குப் புதியவை. பிள்ளை பெற்ற பெண்ணென்றால், வயிற்றில் ஆண்பிள்ளை இருந்த காலத்தில் அவருடைய டி-கலங்கள் அப்புரதங்களை ஏற்கெனவே சந்தித்திருக்கலாம். அதனால்தான் இரண்டு கொடையாளர் சமமாகப் பொருந்தினால் வைத்தியர்கள் இளவயதினரையும் ஆண்களையும் முதலில் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நாட்பட்ட ஜி.வி.எச்.டி. மாதங்கள் கழித்து மெல்ல வரும். அதன் குணம் வேறு. டி-கலங்களோடு பி-கலங்களும் சேர்ந்துகொள்கின்றன. மக்ரோபேஜ் கலங்கள் டி.ஜி.எப்.-பீற்றா என்ற புரதத்தை வெளியிட, இழையங்கள் தழும்பேறி இறுகுகின்றன. கண் வறண்டு உறுத்தும். வாயில் உமிழ்நீர் வற்றி, உறைப்பான கறி நெருப்பாக எரிக்கும். தோல் தடித்து, மூட்டு மடக்க முடியாமல் போகும். நுரையீரலில் வந்தால் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டும். இதற்கும் இப்போது ருக்சோலிற்றினிப், 2021இல் அமெரிக்க அனுமதி பெற்ற பெலுமோசுடில் என்று மருந்துகள் வந்திருக்கின்றன.

தீவகத்தில் வாழ்பவருக்கு இங்கே சில தனிக் கவனங்கள் உண்டு. வெயில் தோலின் ஜி.வி.எச்.டி.யைக் கிளப்பிவிடும் என்பது உறுதியாகத் தெரிந்தது. தோலில் விழும் புறவூதாக் கதிர் கலங்களைச் சேதப்படுத்தி, குடலில் நடந்த அதே அறிவிப்பைத் தோலில் தொடக்கி வைக்கிறது. மர நிழல் குறைந்த, பவளக்கல் வேலிகள் நீளும் நெடுந்தீவின் வெளிகளிலும், கடலிலும், படகின் மேற்தட்டிலும் வெயிலுக்குத் தப்புவது எளிதல்ல. முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, குடை மூன்றும் இந்த நோயாளிக்கு மருந்தின் பகுதி. உப்புக்காற்று வறண்ட கண்ணை மேலும் வருத்தும். பக்கமும் மூடிய கண்ணாடி உதவும். நிர்ப்பீடனத்தை அடக்கும் மாத்திரை எடுக்கும் காலம் முழுவதும் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும். பாலையும் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. நயினாதீவுத் திருவிழாக் கூட்டம் அந்தக் காலத்தில் வேண்டாம். நாகபூஷணி அம்மன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பாள்.

புதிய தடிப்பு, ஒரு நாளில் பல தடவை தண்ணீராகப் போவது, கண் மஞ்சளாவது. இவற்றில் எது கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக்கூடாது. மாத்திரை முடிந்து, படகு ஓடாமல், இரண்டு மூன்று நாள் சைக்ளோஸ்போரின் விட்டுப்போவதும் அதேயளவு ஆபத்து. காற்றுக்காலத்தில் கையில் இரண்டு கிழமை மாத்திரையாவது கூடுதலாக இருக்கும்படி கேட்டு வாங்கவேண்டும். இதைத் திட்டமிட்டுச் செய்வது நோயாளியின் வேலை மட்டுமல்ல. மச்சை மாற்றிய ஆஸ்பத்திரியும் தீவு வைத்தியசாலையின் வைத்திய அதிகாரியும் ஒரு தொலைபேசி அழைப்பில் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கவேண்டும். பிலிருபின் அளக்கவும், தடிப்பைப் படமெடுத்து அனுப்பவும் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

பொருத்தமானவர் ஸ்காபரோவில் இருக்கலாம்

ஜி.வி.எச்.டி.க்கு எதிரான முதல் மருந்து, சரியாகப் பொருந்தும் கொடையாளர். குடும்பத்தில் கிடைக்காவிட்டால் பதிவேட்டில் தேடவேண்டும். உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சத்தவர். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014இல் வந்த கணிப்பின்படி, ஐரோப்பிய வம்ச வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம், தென்னாசியருக்கு 33 சதவீதம். இந்த இடைவெளி உடற்கூற்றின் குறையல்ல, பதிவு செய்யாததின் விளைவு.

சென்னையில் 2009இல் தொடங்கிய 'தாத்ரி' பதிவேட்டில் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். தமிழருக்குத் தமிழரிடமே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் யாழ்ப்பாணத்து நோயாளிக்கு அது முக்கியமான இடம். ஆனால் தீவகத்தின் பிள்ளைகளில் பெரும் பகுதி இன்று தீவகத்தில் இல்லை. 1990களின் தொடக்கத்தில் நடந்த இராணுவ நடவடிக்கைகளிலும் இடப்பெயர்விலும் ஊர்கள் காலியாகின. புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறைக் குடும்பங்கள் கனடாவின் ஸ்காபரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் சுவிஸிலும் வேர்விட்டன. அங்கெல்லாம் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் கட்டவும் கோயில் தேர் செய்யவும் பணம் சேர்க்கின்றன. அந்த ஒன்றுகூடல்களில் ஒரு மேசை போட்டுக் கொடையாளர் பதிவையும் நடத்த முடியும்.

பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும். பொருத்தம் என்று அழைப்பு வந்தால், பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசிக்குப் பிறகு கையிலிருந்து குருதியை இயந்திரத்தின் வழியாக எடுத்து, மூலக்கலங்களைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஏற்றுவார்கள். சில மணி நேர வேலை. சில சமயம் இடுப்பெலும்பிலிருந்து மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். முள்ளந்தண்டில் எவரும் கை வைப்பதில்லை. "மச்சை குடுத்தால் நாரி போயிடும்" என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. கொடுத்த மச்சை சில கிழமைகளில் மீண்டும் ஊறிவிடும்.

கனடாவில் 17 முதல் 35 வயது வரையும், பிரித்தானியாவின் அந்தனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயது வரையும் சேரலாம். இந்த வயதில் ஒரு மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையை அவர்களுக்குக் காட்டுங்கள். பதிந்தபின் மனம் மாறினால் அதை உடனே பதிவேட்டுக்குச் சொல்லிவிடுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள். சம்மதம் சொல்லி, நோயாளியின் மச்சையை அழிக்கும் மருந்து தொடங்கிய பிறகு மட்டும் பின்வாங்கிவிடாதீர்கள்.